ஜூன் 24: கவிஞருக்கும் மெல்லிசை மன்னருக்கும் ஒரே பிறந்தநாள். இந்தத் தேதியில் வேறு யார் யார்?

பழையதட்டு | ஜூன் 24, காலை 7.40

என்னிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது, நாளுக்கு ஒரு பக்கமாக. எந்தத் தேதியில் எந்தப் பாடகர் பிறந்தார், எந்தப் படம் வந்தது, யார் போனார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் முப்பது வருடமாகக் குறித்து வருகிறேன். பல பக்கங்களில் இரண்டு வரிதான் இருக்கும். ஜூன் 24 பக்கம் மட்டும் நிரம்பி, ஓரத்திலும் எழுதி, இடம் போதாமல் ஒரு துண்டுச்சீட்டு வேறு ஒட்டியிருக்கிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். 1927 ஜூன் 24 அன்று காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில் முத்தையா பிறந்தார், பிற்பாடு கண்ணதாசன் ஆனவர். சரியாக ஒரு வருடம் கழித்து, 1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எம்.எஸ்.விஸ்வநாதன். ஒருவர் சொல், இன்னொருவர் மெட்டு. தேதி ஒன்று.

இன்று காலை டீக்கடையில் ஒரு பண்பலை ஓடிக்கொண்டிருந்தது. 'கவியரசரும் மெல்லிசை மன்னரும் இணைந்து தந்த பாடல்' என்று குழைந்து குழைந்து அறிவித்துவிட்டு, 'பார்த்தேன் சிரித்தேன்' போட்டார்கள். அது 'வீர அபிமன்யு', 1965. பாட்டு கவிஞருடையதுதான், இசை கே.வி.மகாதேவன். போகட்டும் என்று இருந்தால் அடுத்தது 'பொன்மகள் வந்தாள்'. இசை எம்.எஸ்.வி. சரி, எழுதியது ஆலங்குடி சோமு! டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஆகவே இந்த இழை. ஜூன் 24 பக்கத்தில் நீங்கள் அறிந்ததைச் சேருங்கள். தமிழ்தான் என்றில்லை, எந்த ஊர் இசையானாலும் சரி. என் நோட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள்: ஓங்கார்நாத் தாக்கூர் (1897), அமெரிக்காவின் ஹாரி பார்ட்ச் (1901), டெர்ரி ரைலி (1935), இங்கிலாந்தின் ஜெஃப் பெக் (1944), மிக் ஃப்ளீட்வுட் (1947). மேற்கத்தியப் பெயர்கள் என் மகன் எழுதிக் கொடுத்தவை. எனக்கு அவர்களைப் பற்றி அதிகம் தெரியாது, தெரிந்தவர்கள் எழுதவும்.

சந்தக்காரன் | காலை 8.15

அண்ணே, இரண்டு பேரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது ஜூபிடர் பிக்சர்ஸ். கண்ணதாசனின் முதல் திரைப்பாட்டு 'கலங்காதிரு மனமே', ஜூபிடரின் 'கன்னியின் காதலி'யில், 1949. விஸ்வநாதன் அதே ஜூபிடரில் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் எடுபிடியாகச் சேர்ந்து, ஆர்மோனியம் வரைக்கும் வந்தவர். அங்கிருந்து சி.ஆர்.சுப்பராமன் குழுவுக்குப் போனார். அந்தக் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர் டி.கே.ராமமூர்த்தி.

1952இல் சுப்பராமன் திடீரென்று இறந்துபோக, அவர் கையில் பாதியில் நின்ற படங்களை இந்த இருவரும்தான் முடித்துக் கொடுத்தார்கள், 'தேவதாஸ்' உட்பட. அதே வருடக் கடைசியில் 'பணம்' வந்தது. விஸ்வநாதன் ராமமூர்த்தி என்ற பெயர் சேர்ந்து வந்த முதல் படம் அதுதான். இயக்கம் என்.எஸ்.கிருஷ்ணன். தயாரித்த ஏ.எல்.சீனிவாசன் கண்ணதாசனின் அண்ணன். 'எங்கே தேடுவேன்' என்று கலைவாணர் பணத்தைத் தேடிப் பாடுவாரே, அது கவிஞர் எழுதியது. ஆக இந்த ஜோடி தொடங்கியதே ஒரு குடும்ப வட்டத்துக்குள்தான்.

கணக்குவாத்தியார் | காலை 8.52

எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து. ஆனால் 'ஒரே தேதி, தெய்வச் செயல்' என்று யாராவது தொடங்குவதற்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன்.

ஒரு அறையில் 23 பேர் இருந்தால், அதில் எவராவது இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குமேல். நம்ப முடியாவிட்டால் அடுத்த கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையைக் கேட்டுப் பாருங்கள். கோடம்பாக்கத்தில் 23 பேரா இருந்தார்கள்?

தேடினால் எங்கேயும் பொருத்தம் கிடைக்கும். 'பராசக்தி' வெளியானது 1952 அக்டோபர் 17, தீபாவளி. அதில் நீதிமன்றக் காட்சியில் நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் கண்ணதாசன். அவர் சிகாகோவில் இறந்தது 1981 அக்டோபர் 17. இதற்கு என்ன அர்த்தம் சொல்வீர்கள்? ஒன்றும் இல்லை.

பழையதட்டு | காலை 9.05

வாத்தியாரே, அர்த்தம் இருக்கிறதா என்று நான் எங்கே சொன்னேன்? நோட்டில் இடம் இல்லை என்றுதான் சொன்னேன் :)

ஆனால் அந்த அக்டோபர் 17 எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். நன்றி.

கம்பிவில் | காலை 10.30

நான் வயலின் வாசிப்பவன். மெல்லிசைக் குழுக்களில் இருபது வருடம். ஜூன் 24 என்றால் எங்களுக்குக் கட்டாயம் ஒரு மேடை உண்டு, அதனால் எனக்கு இந்தத் தேதிமேல் புகார் சொல்லக் கூடாது. ஆனாலும் ஒரு புகார் இருக்கிறது.

சந்தக்காரன் தம்பி எழுதிய கடைசிப் பத்தியைப் படியுங்கள். இரண்டு பேர் என்கிறார். மேலே தலைப்பைப் பாருங்கள், அதிலும் இரண்டு பேர். ஆனால் அந்த இரண்டும் இந்த இரண்டும் வேறு. 1952 முதல் 1965 வரை வந்ததெல்லாம் விஸ்வநாதன் ராமமூர்த்தி. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'காதலிக்க நேரமில்லை', 'கர்ணன்', 'புதிய பறவை', 'ஆயிரத்தில் ஒருவன்'. இதில் ஒன்றாவது விஸ்வநாதன் தனியாகப் போட்டதா? ஆனால் ஜூன் 24 வந்தால் இவையெல்லாம் ஒருவர் கணக்கில் போய்விடுகின்றன. ராமமூர்த்தி ஜூன் 24இல் பிறக்கவில்லை. அதுதான் அவர் செய்த தவறு.

அவர் சாதாரண வீட்டுப் பிள்ளை இல்லை. திருச்சி. தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, கர்நாடக வயலினில் அந்தக் காலத்துப் பெரிய கை. விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் பெயர் பின்னால் வந்தது. கலைவாணர்தான் அந்த வரிசையை வைத்தார் என்று சொல்வார்கள்.

'எங்கே நிம்மதி' பாட்டின் முகப்பை வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனை வில்லும் ஒன்றாக இழுத்து, ஒன்றாக நிற்க வேண்டும். வயலின்காரன் ஒருவன் பக்கத்தில் உட்காராமல் அந்த வேலை நடக்காது என்பது என் எண்ணம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விழாவில் பேனரில் மூன்றாவது படமாக அவரையும் போடச் சொல்லிக் கேட்டேன். ஏற்பாட்டாளர் நல்ல மனிதர்தான். 'இடம் இல்லை அண்ணே' என்றார். பேனரின் வலது பக்கம் முழுக்க நகைக்கடை விளம்பரம்.

மன்னர்ரசிகன் | காலை 11.10

கம்பிவில் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 1965க்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? 'அன்பே வா', 'உலகம் சுற்றும் வாலிபன்', 'அவள் ஒரு தொடர்கதை', 'அபூர்வ ராகங்கள்', 'நினைத்தாலே இனிக்கும்'. இதெல்லாம் விஸ்வநாதன் தனியாக. அந்தப் பக்கம் என்ன நின்றது?

கம்பிவில் | காலை 11.25

'காகித ஓடம் கடலலை மீது' நின்றது. 'மறக்க முடியுமா', 1966. கலைஞர் எழுத்து, சுசீலா குரல், ராமமூர்த்தி இசை. அந்த ஒரு பாட்டு போதும் எனக்கு.

தனியாக அவருக்குப் படம் குறைவு என்பது உண்மை. படம் கிடைப்பதும் இசை தெரிவதும் ஒன்றா தம்பி?

மன்னர்ரசிகன் | காலை 11.31

ஒன்று இல்லை. 'காகித ஓட'த்துக்கு நான் எதிரி இல்லை ஐயா. பேனரில் படம் போடவேண்டும் என்பதிலும் உங்கள் பக்கம்தான். ஆனால் 'பக்கத்தில் வயலின்காரர் இல்லாமல் நடக்காது' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். விஸ்வநாதன் தன் குழுவில் யார் யாரை வைத்திருந்தார் பாருங்கள். அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, புல்லாங்குழலுக்கு நஞ்சப்பா, பறவைச் சத்தம் கொடுக்க ஒரு சதன். யாரிடம் என்ன வாங்கலாம் என்று அறிந்தவர்.

1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் வைத்து 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும், பொற்காசும், காரும் கொடுத்தார். ஒருவருக்கு மட்டுமல்ல, இருவருக்கும். மறு ஏப்ரலில் ராமமூர்த்தி போய்விட்டார். 2015 ஜூலை 14 விஸ்வநாதன்.

யாழ்வாடை | பகல் 12.20

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நான் இசை படித்தவள் இல்லை, கேட்டவள் மட்டும்தான்.

பிறந்தநாள் என்று கதைக்கத் தொடங்கியதால் சொல்கிறேன். எங்கள் அம்மம்மா வீட்டில் ஒரு பெரிய றேடியோப் பெட்டி இருந்தது. இலங்கை வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள். ஊர், பெயர், வாழ்த்துகிற மாமா, மாமி, சித்தப்பா என்று ஒரு பட்டியல். பட்டியல் முடிய 'பிறந்தநாள் இன்று பிறந்தநாள்' பாட்டு. 'நாம் மூவர்' படத்தில் வந்தது, 1966. எனக்கு ஏழு வயதில் என் பெயரும் வந்தது. ஊர்ப் பெயரைப் பிழையாக வாசித்துவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

பிற்காலத்தில்தான் அந்தப் பாட்டுக்கு இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு என்று அறிந்தேன். மேலே சந்தக்காரன் தம்பி எழுதியிருக்கிற அதே சுப்பையா நாயுடு, விஸ்வநாதனின் குரு. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் பிறந்தநாள் பாட்டுக் கொடுத்தவர். அவர் பிறந்த தேதி யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

இன்னொன்று. எம்.எஸ்.வி. என்றால் உங்களுக்கு இசையமைப்பாளர். எங்களுக்கு முதலில் ஒரு குரல். 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. ரஹ்மான் இசையில் 'விடைகொடு எங்கள் நாடே'. அதில் அந்த முதிய, கொஞ்சம் பிசிறடிக்கிற குரல் அவருடையது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் நானும் ஒருத்தி. மழை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் சைக்கிள். ஏழு வருடம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டபோது, நல்ல குரல் உள்ள ஒருவர் அதைப் பாடியிருந்தால் நான் இடையில் நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். ஒரு வயதுபோன மனுசன் பாடினபடியால் முடியும்வரை கேட்டேன்.

பழையதட்டு | பகல் 12.41

அக்கா, இதைப் படித்துவிட்டு அந்தப் பாட்டை மறுபடி கேட்டுவிட்டு வந்தேன்.

ஆறுதந்தி | பகல் 1.15

மேற்கத்தியப் பட்டியலுக்கு ஆள் கேட்டிருந்தீர்கள். வந்துவிட்டேன். நான் கிட்டார்.

ஜெஃப் பெக்கில் தொடங்குவோம், ஏனென்றால் அவருக்கும் நமக்கும் ஒரு சின்ன ஒட்டு உண்டு. 1965இல் யார்ட்பேர்ட்ஸ் குழு 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, அதன் முக்கியமான வரிக்கு சிதார் வேண்டும் என்று ஒரு சிதார் கலைஞரையே கூட்டி வந்தார்கள். ஒலிப்பதிவில் அது சரியாக விழவில்லை. ஜெஃப் பெக் தன் மின்கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டியை வைத்து, கம்பியை இழுத்து வளைத்து, அந்தச் சிதார் சாயலைக் கிட்டாரிலேயே கொண்டுவந்தார். வெளியான தட்டில் இருப்பது அதுதான். பிற்காலத்தில் நிதின் சாஹ்னியின் 'நாதியா'வை அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். குரல் போகிற வளைவெல்லாம் கிட்டார் போகும். நம் ஆட்கள் கமகம் என்பதை அவர் தன் பாட்டுக்குக் கண்டுபிடித்து வைத்திருந்தார். 2023 ஜனவரியில் இறந்தார்.

டெர்ரி ரைலி இன்னும் சுவாரசியமானவர். கலிஃபோர்னியாக்காரர். 1964இல் 'இன் சி' என்று ஒன்று எழுதினார். மொத்தம் 53 குட்டிச் சொற்கட்டுகள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எந்த வாத்தியமும் சரி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டையும் தன் இஷ்டத்துக்கு எத்தனை முறையும் திருப்பி வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அதனால் ஒருமுறை கேட்டது மறுமுறை வராது. பிறகு 1970இல் இதே மனிதர் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையைச் சேர்ந்த பண்டிட் பிராண்நாத்திடம் சீடராகச் சேர்ந்து, குரு இருக்கும்வரை கற்றுக்கொண்டார். தி ஹூ குழுவின் 'பாபா ஓ'ரைலி' கேட்டிருப்பீர்கள். அந்தத் தலைப்பில் பாதி மெஹர் பாபா, பாதி இவர்.

ஹாரி பார்ட்ச் தனி ரகம். ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரம் போதாது என்று 43 ஆகப் பிரித்தார். அதை வாசிக்க வாத்தியம் இல்லை, அதனால் வாத்தியங்களைத் தானே செய்தார். அவற்றில் ஒன்று பழைய ரீட் ஆர்கனை, அதாவது நம் ஆர்மோனியத்தின் அண்ணனைப் பிரித்து மறுபடி சுதி சேர்த்தது. நம் 22 சுருதிக் கணக்கைக் கேட்டுத் தலைசுற்றுகிறவர்கள் இவரைக் கேட்டால் 22 எவ்வளவோ மேல் என்பார்கள்.

மிக் ஃப்ளீட்வுட் பற்றி என்னிடம் பெரிதாக இல்லை. டிரம்ஸ்காரர், குழுவுக்கே தன் பெயர், 'ரூமர்ஸ்' 1977. அவ்வளவுதான்.

பழையதட்டு | பகல் 1.40

ஆர்மோனியம் என்றதும் ஒன்று. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கட்டையை அழுத்தினால் ஒரே ஸ்வரம், வளைக்க முடியாது, நம் இசைக்கு ஆகாது என்று காரணம் சொன்னார்கள். 1971 வரை அந்தத் தடை இருந்தது. அந்த முப்பது வருடமும் இந்தப் பக்கம் நம் ஆட்கள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊரையே பாட வைத்தார்கள். வானொலிக்குள் நுழைய முடியாத பெட்டியில் பிறந்த பாட்டெல்லாம் அதே வானொலியில் நேயர் விருப்பமாக ஓடியது!

கணக்குவாத்தியார் | பகல் 1.48

ஓங்கார்நாத் தாக்கூரை யாரும் தொடவில்லையே. முசோலினியைப் பாடித் தூங்க வைத்தவர் இவர்தானே?

ஆறுதந்தி | பகல் 2.05

அந்த முசோலினிக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள் வாத்தியாரே. ஒருவர் சொல்வதில் தூக்கம் வரும், இன்னொருவர் சொல்வதில் கண் சிவக்கும். கதையாகவே வைத்துக்கொள்வோம்.

கதையில்லாதது இது. குஜராத்தில் பிறந்தார், விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் சீடர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வியைக் கட்டி எழுப்பினார். 1947 ஆகஸ்ட் 15 காலையில் வானொலியில் 'வந்தே மாதரம்' முழுவதையும் பாடியவர் இவர்தான். நாடு விடிந்த அன்று முதல் காலைக் குரல்களில் ஒன்று ஜூன் 24காரருடையது.

பாடகர்குழு_தூத்துக்குடி | மாலை 4.10

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பினேன். ஏன் கோயில் என்றால், இன்று எங்களுக்குத் திருநாள். திருமுழுக்கு யோவான் பிறப்பு விழா. எங்கள் பாட்டி காலத்தில் ஸ்நாபக அருளப்பர் திருநாள் என்பார்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் தெரியுமா? 'தோ ரே மி' பிறந்ததே இந்தத் திருநாளின் பாட்டில்தான்.

இந்த விழாவுக்கென்று ஒரு பழைய லத்தீன் பாட்டு உண்டு. 'உத் குவேயந்த் லாக்சிஸ்' என்று தொடங்கும். எட்டாம் நூற்றாண்டின் பவுல் தியாக்கோன் எழுதியது என்பார்கள். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் கீதோ என்ற துறவி, பாடகர் குழுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் திண்டாடினார். ஒரு பாட்டை மனப்பாடம் பண்ணவே பல காலம் பிடித்தது. இந்த யோவான் பாட்டில் ஒவ்வொரு துண்டு வரியும் முந்தியதைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்குவதைப் பார்த்தார். அந்த வரிகளின் முதல் அசைகளை எடுத்துக்கொண்டார். உத், ரே, மி, ஃபா, சோல், லா. இந்த ஆறு பெயரைப் பிடித்துக்கொண்டால் பார்த்திராத பாட்டையும் ஏட்டைப் பார்த்துப் பாடலாம். வெகுகாலம் கழித்து உத் என்பது பாடச் சுலபமாக தோ ஆனது. ஏழாவதற்கு, கடைசி வரியில் வரும் புனித யோவான் என்ற இரண்டு லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து சி என்று வைத்தார்கள்.

அந்தப் பாட்டின் வேண்டுதலே குரலைப் பற்றியதுதான். உம் அடியார்கள் தொண்டை திறந்து பாட, உதட்டின் கறையை நீக்கும் என்று யோவானைக் கேட்கிறது. வேதத்தில் யோவானின் தந்தை செக்கரியா, வானதூதர் சொன்னதை நம்பாததால் பேச்சிழந்து போவார். பிள்ளைக்கு யோவான் என்று பலகையில் எழுதிக் காட்டியதும் குரல் திரும்பும். அதனால்தான் பாடகர்கள் இந்தப் புனிதரைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்கள் பழைய பாடகர் குழுத் தலைவர் சொல்வார். திருப்பலிக்கு முன் தொண்டை கட்டினால் எங்கள் ஊரில் மிளகுப் பாலோடு இவர் பெயரையும் சேர்த்துக்கொள்வோம்.

சந்தக்காரன் | மாலை 4.32

அட! இது அருமையான தகவல். நம் ஸ ரி க ம வேறு வழி. ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் என்ற பெயர்களின் தலையெழுத்து. சிலப்பதிகாரத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று முழுப்பெயராகவே வரும். அவர்கள் பாட்டின் தலையை வெட்டினார்கள், நாம் பெயரின் தலையை வெட்டினோம்.

இதில் இன்னொன்று பாருங்கள். 'ஏழு ஸ்வரங்களுக்குள் எத்தனை பாடல்' யார் பாட்டு? எழுத்து கண்ணதாசன், இசை விஸ்வநாதன். வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ஜூன் 24காரர்கள் இருவர் சேர்ந்து, ஜூன் 24இல் பெயர் வைத்த சங்கதியைப் பற்றியே பாடியிருக்கிறார்கள்.

கணக்குவாத்தியார் | மாலை 4.40

இதற்கும் வாய்ப்புக் கணக்கு போடவா?

சந்தக்காரன் | மாலை 4.41

வேண்டாம் சார் :)

கரும்பலகை | மாலை 5.20

பள்ளி ஆசிரியை. ஒரு சின்னச் சேர்க்கை. எம்.எஸ்.வி.யின் பாட்டுகளில் தமிழ்நாட்டில் அதிகம் பேர் அதிக முறை பாடியது எது என்று யோசித்தேன். 'நீராரும் கடலுடுத்த'தான். எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரனார். 1970இல் அரசு விழாக்களில் பாடவேண்டும் என்று ஆணை வந்தது. மோகன ராகத்தில் மெட்டுப் போட்டவர் விஸ்வநாதன். 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். 55 வினாடிக்குள் பாடி முடிக்க வேண்டும். எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 40 வினாடியில் முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பார்கள்.

இன்று காலை வழிபாட்டில் 'இந்தப் பாட்டுக்கு இசை போட்டவருக்கு இன்றைக்குப் பிறந்தநாள்' என்றேன். ஒரு பையன் எழுந்து, 'பாட்டுக்கு இசைகூட யாராவது போடுவார்களா டீச்சர், அதுவாக வராதா?' என்று கேட்டான். எம்.எஸ்.வி. இருந்து கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மன்னர்ரசிகன் | மாலை 6.05

பழைய கேள்வியை நானே இழுக்கிறேன். மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா? மகாதேவன் எழுதிய பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மெட்டுப் போடுவார் என்று பெயர். விஸ்வநாதன் பெரும்பாலும் மெட்டை முதலில் போட்டு, 'தனனா தானனா' என்று தத்தகாரம் கொடுப்பார். கவிஞர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். அந்த உதவியாளர்களில் ஒருவர்தான் பஞ்சு அருணாசலம், கவிஞரின் அண்ணன் மகன். பிற்பாடு 'அன்னக்கிளி'யில் இளையராஜாவை அறிமுகப்படுத்தியவர். ஒரு கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் வழியாக அடுத்த காலமே வந்தது!

என் கட்சி: மெட்டு முதலில் வந்ததால்தான் கண்ணதாசன் சொல் இவ்வளவு எளிமையாக நின்றது. தத்தகாரத்துக்குள் கடினச் சொல் உட்காராது.

சந்தக்காரன் | மாலை 6.30

பாதிதான் ஒப்புக்கொள்வேன். 'அன்பு நடமாடும் கலைக்கூடமே' பாட்டு முழுக்க 'மே' வருவதற்கு, படப்பிடிப்பு மே மாதம் என்று யாரோ நச்சரித்ததுதான் காரணம் என்று ஒரு கதை ஊரெல்லாம் ஓடுகிறது. கவிஞரைச் சுற்றி இப்படி நூறு கதை. எல்லாவற்றையும் நம்பினால் அவர் யோசித்து எழுதியதே இல்லை என்றாகிவிடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

'அதிசய ராகம்' எடுத்துக்கொள்ளுங்கள். 'அபூர்வ ராகங்கள்', 1975, ஜேசுதாஸ் குரல். பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய நாலே ஸ்வரத்து மகதி ராகத்தில் தொடங்குகிறது. கதாநாயகி பெயர் பைரவி. பாட்டு வர்ணித்துக்கொண்டே போய், கடைசியில் அவள் பெயரைச் சொல்லும் இடத்தில் மெட்டும் பைரவி ராகத்துக்குள் போய்விடுகிறது. இங்கே மெட்டு முதலிலா, சொல் முதலிலா? சொல் தெரியாமல் அந்த ராகத்துக்குப் போயிருக்க முடியாது. ராகம் தெரியாமல் அந்தச் சொல்லைக் கடைசியில் வைத்திருக்க முடியாது. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தால்தான் இது நடக்கும்.

கம்பிவில் | மாலை 6.38

இது சரி. மேடையில் அந்த இடம் வரும்போது நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். விரல் மாறும் இடம்.

கரும்பலகை | மாலை 6.50

கவிஞருக்கு ஒரு முதல் உண்டு, அதையும் நோட்டில் ஏற்றுங்கள். திரைப்பாடலுக்கான தேசிய விருது என்று ஒன்று தொடங்கியபோது, முதலில் வாங்கியவர் கண்ணதாசன். 'குழந்தைக்காக', 1968. இசை விஸ்வநாதன்தான்.

திதிபார்ப்பவர் | மாலை 7.10

தேதி தேதி என்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஆட்களைத் தேதி நோட்டில் எப்படி ஏற்றுவீர்கள்? தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமித் திதியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில். அவர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6, ஆனால் திருவையாற்றில் அந்தத் தேதியை யாரும் பார்ப்பதில்லை. வருடா வருடம் நாள் நகரும். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835 தீபாவளியன்று. அதனால் அவருக்கு நாள் தீபாவளிதான், அது எந்தத் தேதியில் வந்தாலும். உங்கள் நோட்டில் அவருக்கு எந்தப் பக்கம்?

பழையதட்டு | மாலை 7.22

ஐயா, அட்டையின் உள்பக்கம். திதிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். மனைவியின் யோசனை.

பிறந்த தேதி என்பதே நம் ஊரில் நம்பகமான சங்கதி இல்லை என்பதும் தெரியும். என் அப்பா பிறந்தது ஐப்பசி மழையில். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் எழுதியது ஜூன் 1. சாகும்வரை அவர் ஜூன் 1காரர்தான். இளையராஜாவே ஜூன் 3இல் பிறந்தவர், கலைஞர் பிறந்தநாளும் அன்றே என்பதால் தன்னுடையதை 2ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டார். நோட்டில் இரண்டு பக்கத்திலும் அவர் பெயர் உண்டு.

யாழ்வாடை | இரவு 8.05

அப்படியென்றால் ஒருவருக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கம்பிவில் தம்பி கேட்டதும் அதுதானே?

பழையதட்டு | இரவு 8.30

பிடித்துவிட்டீர்கள் அக்கா.

ஜூன் 24 பக்கத்தில் இன்று ஏற்றியவை: யோவான் திருநாளும் கீதோவும், 'நீராரும் கடலுடுத்த', அந்த முதல் தேசிய விருது, 1947 காலை 'வந்தே மாதரம்'. விஸ்வநாதன் பெயருக்கு நேராக, இன்னொரு துண்டுச்சீட்டு ஒட்டி, டி.கே.ராமமூர்த்தி என்று எழுதியிருக்கிறேன். கீழே 1952 – 1965. சுப்பையா நாயுடு பெயரையும் எழுதினேன், பசை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

கம்பிவில் ஐயா, இன்று மேடை உண்டென்றீர்களே, எப்படிப் போனது?

கம்பிவில் | இரவு 11.50

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பேனரில் இந்த வருடமும் இரண்டு படம்தான். இடைவேளையில் பாடகி வர நேரமானது, யாராவது ஏதாவது வாசியுங்கள் என்றார்கள். 'காகித ஓடம்' வாசித்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் யார் இசை என்று கேட்டார். சொன்னேன்.